மின்சுற்றுப் பலகை வரையப் பழகுவோம்



சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை. ஆறாம் ஆண்டு வரை என்னிடம் படித்து, இப்போது இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவத்தில் இருக்கும் மாணவன் ஒருவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் சிறு பொட்டலம். அதனுள் பச்சை நிறத்தில் ஐந்து மின்சுற்றுப் பலகைகள், எல்லாம் புத்தம் புதியவை. பையன் முகத்தில் மட்டும் களையில்லை.

"சார், ஐ.சி. இதுல உட்கார மாட்டேங்குது சார்" என்றான்.

அவன் செய்ய நினைத்தது லயத்துத் தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் கூவுகிற ஒரு சிறு கருவி. வெளிக்காட்டு வேலை முடிந்து வரும் அம்மா குழாயைத் திறந்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விடுகிறார். தொட்டி வழிந்து வாசலெல்லாம் சேறாகிறது. பையனே கணினியில் பலகையை வரைந்து, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு அனுப்பிச் செய்து வாங்கியிருந்தான். அம்மா கொழுந்தெடுத்த காசிலிருந்து கொடுத்தது நாற்பத்தைந்து ரிங்கிட். பலகைக்கு ஆனதைவிட அஞ்சல் செலவுக்கே அதிகம் போயிற்று.

என்ன பிழை? அவன் வாங்கி வைத்திருந்த சில்லில் ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் இடைவெளி 2.54 மில்லிமீட்டர். பலகையில் வரைந்ததோ அதே சில்லின் சிறிய ரகத்துக்குரிய இடம். அதில் இடைவெளி சரிபாதி, 1.27 மில்லிமீட்டர். துளையும் கிடையாது, கால்களை மேலேயே படிய வைத்து ஒட்ட வேண்டும். அனுப்புவதற்கு முன் அந்தப் படத்தைக் கணினித் திரையில் பார்த்து, "நன்றாக இருக்கிறதே" என்று தலையாட்டியவன் நான். திரையில் எல்லாமே பெரிதாகத்தான் தெரியும். ஆகவே அந்தத் தவற்றில் பாதி என்னுடையது. அதனால்தான் இன்று இதைப் பற்றிப் பேச வந்தேன்.

மின்சுற்றுப் பலகை நமக்குப் புதிய பொருளல்ல. பழைய வானொலிப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பலகையின் முதுகில் செம்புக் கோடுகள் ஓடும். கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டுவதற்குப் பதிலாக, அந்தக் கோடுகளே கம்பியின் வேலையைச் செய்கின்றன. பால் ஐஸ்லர் என்ற ஆஸ்திரியப் பொறியாளர் 1930-களில் லண்டனில் இத்தகைய பலகையை வைத்து ஒரு வானொலியைச் செய்து காட்டினார். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு பினாங்கு பாயான் லெப்பாசில் இன்டெல் நிறுவனம் தொழிற்சாலை திறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அதற்கு அதுவே முதல் தொழிற்சாலை. அதன் பிறகு மின்னணு வேலைக்கென்று தோட்டங்களைவிட்டுப் பினாங்குக்குப் போனவர்களும் உண்டு. அவர்கள் போனது பிறர் வரைந்த படத்துக்குப் பொருள்களைப் பொருத்த. இன்று நம் வீட்டுப் பிள்ளை படத்தையே வரையலாம். அதற்கு வேண்டிய மென்பொருள் காசில்லாமலும் கிடைக்கிறது.

எந்த மென்பொருளை எடுப்பது? பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்.

ஈகிள் என்று ஒன்று இருந்தது. 1988-இல் ஜெர்மனியில் பிறந்தது. பொழுதுபோக்காக மின்னணுவியல் செய்தவர்கள் உலகெங்கும் பல்லாண்டு அதைத்தான் கற்றார்கள். பழைய பாடநூல்களிலும் அதன் படங்களே இருக்கும். 2016-இல் ஆட்டோடெஸ்க் என்ற பெரிய நிறுவனம் அதை வாங்கியது. அடுத்த ஆண்டே, ஒருமுறை காசு கொடுத்து வாங்கும் முறை போய், தொடர்ந்து சந்தா கட்டும் முறை வந்தது. பிறகு 2023-இல், 2026 ஜூன் 7-ஆம் நாளோடு ஈகிளை நிறுத்தப் போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. கஷ்டப்பட்டுக் கற்ற பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். பிறர் நிலத்தில் போட்ட காய்கறித் தோட்டம் போலத்தான்.

எனவே நான் சிபாரிசு செய்வது கிகேட். பிரான்சு நாட்டில் கல்லூரி ஆசிரியராக இருந்த ழான் பியேர் ஷாராஸ் 1992-இல் தொடங்கியது. பின்னாளில் ஜெனீவாவில் உள்ள சேர்ன் ஆய்வுக்கூடத்தின் பொறியாளர்களும் அதை வளர்க்கக் கைகொடுத்தார்கள். முற்றிலும் இலவசம். பலகை இவ்வளவு பெரிதாகத்தான் இருக்கலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. ஈகிளில் வரைந்த பழைய படங்களையும் திறக்கும். எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒருமுறை கணினியில் ஏற்றிவிட்டால் இணையம் தேவையில்லை. மேகம் இறங்கினால் இங்கே அலைவரிசை எப்படிக் கிடைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அதன் கோப்பு ஒரு கிகாபைட்டுக்கு மேல் வரும். கைப்பேசித் தரவில் இறக்கிக் காசை விரயம் செய்யாதீர்கள். தானா ராத்தாவில் நல்ல இணைப்பு உள்ள இடத்தில் இறக்கி, விரலியில் கொண்டுவாருங்கள். மிகப் பழைய கணினியில் புதிய பதிப்பு ஓடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஈசி இடிஏ என்ற சீன மென்பொருளும் இருக்கிறது. இணைய உலாவியிலேயே வரையலாம், பழகுவது எளிது, பொருள் விற்கும் கடையோடும் பலகை செய்யும் ஆலையோடும் இணைந்தது. இணைப்பு நன்றாக உள்ளவர்களுக்கு அது வசதிதான். ஃபிரிட்சிங் என்பது ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் உருவானது. சோதனைப் பலகையில் கம்பி செருகுவது போலவே படம் காட்டும். சிறு பிள்ளைகளுக்குப் பொருத்தம். அதற்குச் சிறு தொகை கேட்கிறார்கள்.

சரி, எப்படிக் கற்பது? வேலை இரண்டு படமாக நடக்கிறது. முதல் படத்தில் எந்தப் பொருளின் எந்தக் கால் எதனோடு சேரும் என்பது மட்டும் இருக்கும். யாருக்கு யார் உறவு என்று எழுதி வைப்பது போல. அவர்கள் எந்த லயத்தில், எத்தனையாவது வீட்டில் குடியிருக்கிறார்கள் என்பது அதில் இராது. அதைச் சொல்வது இரண்டாவது படம், அதாவது பலகைப் படம். இரண்டையும் இணைப்பதுதான் காலடி. ஒவ்வொரு பொருளுக்கும் பலகையில் எத்தனை துளை, எவ்வளவு இடைவெளி என்ற அளவே காலடி. என் மாணவன் சறுக்கியது அங்கேதான். உறவில் பிழையில்லை, வீட்டு அளவில் பிழை.

கிகேட்டில் முதல் படத்தில் ஏ என்ற எழுத்தைத் தட்டினால் பொருளைச் சேர்க்கலாம். டபிள்யூ தட்டினால் கம்பி இழுக்கலாம். பொருள்களுக்குக் காலடி குறித்தபின் பலகைப் படத்துக்குப் போய் எஃப் 8 தட்டினால் எல்லாம் அங்கே வந்து சேரும். எக்ஸ் தட்டிச் செம்புக் கோடு வரையலாம். கோட்டை அரை மில்லிமீட்டர் அகலமாகவே வையுங்கள். முதல் பலகைக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். பிறகு விதிச் சோதனையை ஓடவிடுங்கள். கோடும் கோடும் இடித்தாலும், இணைப்பு விட்டுப்போனாலும் அது காட்டிக்கொடுக்கும். தவறான காலடியை மட்டும் அது கண்டுபிடிக்காது. கையில் இருக்கும் சில்லு எது என்று கணினிக்குத் தெரியாதல்லவா?

அதற்கு ஒரு வழி. பலகைப் படத்தை உள்ளது உள்ளபடி, 100 விழுக்காட்டு அளவில் வெள்ளைத்தாளில் அச்சிடுங்கள். தாளுக்கேற்பச் சுருக்கும் ஏற்பாடு அச்சுப்பொறியில் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். அடிக்கோலால் ஒரு பக்கத்தை அளந்து சரிபாருங்கள். பின்பு தாளை அட்டைமேல் ஒட்டி, சில்லு, மின்தடை, மின்தேக்கி ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் குத்தி நிறுத்திப் பாருங்கள். பொருந்தினால் மட்டுமே காசு அனுப்பலாம். செலவு இருபது காசு. நாற்பத்தைந்து ரிங்கிட் போனபிறகு நான் கற்ற பாடம் இது.

முதல் பலகையாக எதைச் செய்வது? 555 என்ற எட்டுக்கால் சில்லை வைத்து ஒரு விளக்கு மினுக்கி போதும். 1972-இல் விற்பனைக்கு வந்த சில்லு. இன்றும் சல்லிசாகக் கிடைக்கிறது. ஒன்பது வோல்ட்டு பாட்டரியில் ஓடும். வீட்டு மின்சாரத்தில் மட்டும் கைவைக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஃபெரிக் குளோரைடில் செம்பை அரித்து வீட்டிலேயே பலகை செய்ய ஆசைப்படுவோரும் உண்டு. அந்தக் கழிவை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். நம் ஓடைகள் ரிங்லெட் ஏரிக்குத்தான் போகின்றன. வழியிலேயே காய்கறித் தோட்டங்களும் இருக்கின்றன.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். சிறிய ரகச் சில்லை வாங்கிப் பழைய பலகையிலேயே ஒட்டலாம். ஆனால் அவனிடம் இருந்த பற்றுக்கோலின் முனை பருமனானது. ஒரு மாதம் பொறுத்து மறுபடி வரைந்தோம். இம்முறை தாளில் அச்சிட்டு, எட்டுக் கால்களும் தாளைத் துளைத்து அடியில் நீட்டிக்கொண்டு நின்றதை அவன் அம்மாவுக்கும் காட்டிய பிறகே அனுப்பினோம். கருவி இப்போது தொட்டிமேல் இருக்கிறது. அதிகாலையில் பெரட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் அது கூவுவது நாலு வீட்டுக்குக் கேட்கிறதாம். பக்கத்து வீட்டு அக்காள் சண்டைக்கு வந்துவிட்டார். சத்தத்தைக் குறைக்க எந்த மின்தடையை மாற்ற வேண்டும் என்று பையன் தன் படத்தைப் பார்த்து அவனாகவே கண்டுபிடித்துவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாற்றப் போகிறான்.