கல்லூரிப் பிள்ளைகளின் காலைப் பசி

(போடிநாயக்கனூரில் நடைபெற்ற கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில் நமது அறக்கட்டளையின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

உதவித்தொகை பெறும் பிள்ளைகள் அனைவருக்கும் எங்கள் வாழ்த்துகள். கட்டணம், புத்தகம், பஸ் செலவு பற்றியெல்லாம் ஒவ்வோர் ஆண்டும் பேசுகிறோம். இந்த முறை அவர்களுடைய சாப்பாட்டைப் பற்றிப் பேச விரும்புகிறோம். வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு நாம் கட்டும் கட்டணத்தின் பலன் பாதிதான் போய்ச் சேரும்.

நம் ஊரின் காலை எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். விடியுமுன்னே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. போடிமெட்டு, பூப்பாறை, சாந்தன்பாறை என்று ஏலத்தோட்டங்களுக்குத் தாய்மார்கள் போய்விடுகிறார்கள். காய் பறிப்புக் காலமும் கல்லூரி நடக்கும் மாதங்களும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. தாய் இருட்டில் எழுந்து மதியத்துக்குச் சோறு கட்டி வைத்தாலே பெரிய காரியம். காலைச் சாப்பாட்டுக்கு நேரம் இருப்பதில்லை. உள்ளூர்க் கல்லூரிகளில் படிப்பவர்களும், 1956-இல் தொடங்கிய உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி போன்ற இடங்களுக்குப் பஸ் ஏறுபவர்களும், ஒரு டீ, ஒரு பன்னோடு காலையை ஓட்டிவிடுகிறார்கள்.

இதே பிள்ளைகள் சிறுவயதில் பசியோடு இருக்கவில்லை. தமிழ்நாட்டில் 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் 1984-இல் பத்தாம் வகுப்பு வரை சென்றது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள குழந்தைகளுக்கானது. பத்தாம் வகுப்பைத் தாண்டினால் அந்தத் தட்டு நின்றுவிடுகிறது. பதினேழு, பதினெட்டு வயதில் உடம்பு இன்னும் உறுதிப்பட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், பிள்ளையின் பசி யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

பெண் பிள்ளைகளின் நிலை கூடுதல் கவலை தருகிறது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. இரண்டு பேரில் ஒருவருக்கும் மேல். ஒரு நாளைக்கு ஆணுக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை என்று 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வரையறுத்தது. கூடுதலாகத் தேவைப்படுபவள் பெண். நம் வீடுகளில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுபவளும் அவள்தான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, எழுந்தால் தலை சுற்றுவது, படித்தது மனதில் நிற்காதது ஆகியவற்றைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் குறைந்தால் மருத்துவரின் ஆலோசனைப்படி மாத்திரை எடுக்க வேண்டும். மாத்திரையால் மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்திவிட வேண்டாம்.

இன்னொன்று. வெளியில் கழிப்பறை சரியில்லை என்று நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகள் உண்டு. தலைவலியும் நீர்க்கடுப்பும் அதனால் வருபவை. சுத்தமான கழிப்பறை வேண்டுமென்று கல்லூரிகளிடம் கேட்பது பெற்றோரின் உரிமை.

சரி, என்ன செய்யலாம்? செலவில்லாத வழிகளை முதலில் சொல்கிறோம்.

அடுப்பே பற்ற வைக்க வேண்டாத காலை உணவு நம்மிடம் இருக்கிறது. இரவே நீர் ஊற்றி வைத்த பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம், ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை. முடிந்தால் இரவே அவித்து வைத்த முட்டை. நிலக்கடலையில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. ஒரு முட்டையில் 6 கிராம். ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 40 கிராம் அளவுக்குப் புரதம் போதும். விலை கூடிய சத்து மாவு டப்பாக்கள் தேவையில்லை. ஆண் பிள்ளைகளே, முட்டை அவிக்கவும் கேழ்வரகுக் கூழ் காய்ச்சவும் கற்றுக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குப் போகும் தாய்க்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

சாப்பிட்டவுடன் டீ குடிக்கும் பழக்கத்தை மாற்றுங்கள். டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் உணவின் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். மாறாக எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா இவை இரும்புச்சத்து சேர உதவும். முருங்கைக்கீரையும் பருப்பும் உள்ள சோற்றோடு ஒரு நெல்லிக்காய் இருந்தால் நல்லது.

புரோட்டாவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. நண்பர்களோடு எப்போதாவது சாப்பிடட்டும். தினமும் இரவு மைதாவும் சால்னாவும்தான் என்றால் அது வயிற்றை நிரப்பும், உடம்பைத் தேற்றாது. அந்தக் காசில் சுண்டலும் வாழைப்பழமும் வாங்கலாம். கம்பம் பள்ளத்தாக்கில் வாழைக்குப் பஞ்சமில்லை.

இனி நம் சமுதாயத்தின் பங்கு. ரமலான் மாதம் முழுவதும் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறோம். அரிசி, பருப்பு, வெந்தயம் போட்ட அந்தக் கஞ்சியை வீடுவீடாகவும், மதம் பாராமலும் கொடுக்கிறோம். அண்டா இருக்கிறது, காய்ச்சத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், பரிமாற இளைஞர்கள் இருக்கிறார்கள். மற்ற மாதங்களில் அந்த அண்டா சும்மா கிடக்கிறது. தேர்வு நடக்கும் வாரங்களிலாவது காலையில் கஞ்சியும் சுண்டலும் கொடுத்தால் என்ன? வரும் மாணவர் எந்த மதத்தவர் என்று கேட்க வேண்டாம். தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை எல்லா மதத்திலும் இருக்கிறார்.

இதை இலவசம் என்று கூச்சப்படாதபடி செய்ய வேண்டும். பெயர் எழுதவோ, புகைப்படம் எடுக்கவோ வேண்டாம். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரமோ, வாங்கிச் செல்லும் வசதியோ இருக்கட்டும்.

தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். இன்றிரவு சோறு போடும்போது மகளுக்கும் மகனுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் போடுங்கள். உங்கள் தட்டையும் அப்போதே எடுத்து வையுங்கள்.

ஜமாஅத் பெரியோர்களிடம் வேண்டுகோள். எந்தப் பள்ளிவாசலின் அண்டாவை எந்த வாரம் தருவீர்கள் என்பதை இந்த அவையிலேயே சொல்லிவிட்டுச் செல்லுங்கள். அரிசியும் பருப்பும் சேர்க்கும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம், இன்ஷா அல்லாஹ்.