தெருவோரக் கல்லும் அரசாங்கப் பலகையும்



யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே ஏறத்தாழ ஐந்து மைல் போனால் மருதனார்மடம். மினிபஸ் நடத்துனர் படியில் நின்றபடி "மருதனார்மடம் இறங்கிற ஆக்கள் வாங்கோ!" என்று கூப்பிடுவார். மரக்கறிச் சந்தைக்குப் போகிறவர்கள் இறங்குவார்கள். ஆஞ்சநேயர் கோயிலுக்கு வந்தவர்கள் இறங்குவார்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913ல் நிறுவிய மகளிர் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இறங்குவார்கள். மடத்துக்கென்று இறங்குகிறவர் எவரும் இல்லை. ஆனாலும் இந்தச் சந்திக்குப் பெயர் கொடுத்தது சந்தையுமல்ல, கோயிலுமல்ல, கல்லூரியுமல்ல. வழிப்போக்கருக்கு நிழல் கொடுத்த ஒரு மடம். கந்தர்மடம், ஓட்டுமடம், ஆறுகால்மடம் என்று குடாநாட்டில் இன்னும் எத்தனையோ இருக்கின்றன.

நடந்தும் மாட்டுவண்டியிலும் போன காலத்தில் மடம் தனியே நிற்பதில்லை. பக்கத்தில் ஒரு கிணறோ கேணியோ இருக்கும். மாடு தண்ணீர் குடிக்கத் தொட்டி, குடித்த மாடு உடம்பை உரஞ்சிக்கொள்ள ஆவுரஞ்சிக்கல், மனிதர் சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி. மாட்டின் முதுகுத் தினவுக்கும் ஒரு கல் நட வேண்டும் என்று நினைத்த மனிதரை எண்ணிப் பாருங்கள். இந்தத் தர்மங்கள் தொடர்ந்து நடக்க வேண்டும் என்பதற்காகக் காணி எழுதி வைத்தவர்களும் உண்டு, தர்மசாதனம் என்பார்கள். 1905ல் கொழும்பிலிருந்து ரயில் வந்தது, பிறகு பஸ் வந்தது. தெருவில் நடப்பவர் குறைந்தார்கள், மடங்களின் வேலையும் குறைந்தது.

சுமைதாங்கியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தினாலும் சுமைதாங்கிதான். சுண்ணாம்புச் சாந்து பூசி, சிறு மதில் போலக் கட்டியதும் உண்டு. உயரம் ஆளின் தோள் மட்டம். கணக்கு அதில்தான் இருக்கிறது. தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் நிறைந்த கடகத்தோடு சந்தைக்கு நடக்கும் பெண்ணால் அதை நிலத்தில் இறக்கிவிட்டுத் தனியே மறுபடி தூக்க முடியாது. கை கொடுக்க இன்னொருவர் வேண்டும். தோள் உயரத்தில் ஒரு கல் இருந்தால், தலையைச் சற்றுச் சாய்த்துக் கடகத்தை அதன்மேல் நகர்த்தலாம். கழுத்தை ஆற்றிக்கொண்டு, குனிந்து மறுபடி தலைக்கு எடுக்கலாம். யாரையும் கூப்பிடத் தேவையில்லை.

இந்தக் கல்லை யாருக்காக வைத்தார்கள்? வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணுக்காக. இறக்கி வைக்காத சுமையோடு அவள் போய்விட்டாள், ஊரார் சுமையை இந்தக் கல் தாங்கினால் அவளுடைய ஆத்துமா ஆறும் என்பது நம்பிக்கை. தமிழ்நாட்டிலும் இதே வழக்கம் உண்டு. பிள்ளைப்பேறு உயிரோடு விளையாடுகிற காரியமாக இருந்த காலத்தின் சாட்சி இந்தக் கற்கள். எந்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலும் ஏறாத மரணங்கள் அவை.

தமிழருக்குக் கல் நட்டு நினைப்பது புதிதல்ல. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ல் கண்டெடுத்த நடுகற்களில் தமிழ்ப் பிராமி எழுத்து இருக்கிறது. ஆநிரை கவர்ந்த சண்டையில் இறந்தவனின் பெயரை அங்கே வாசிக்கலாம். சண்டையில் செத்தவனுக்குப் பெயர் பொறித்த மரபு, பேற்றில் செத்தவளுக்குப் பெரும்பாலும் வெறும் கல்லோடு நின்றுவிட்டது. எனக்கு உறுத்துவது இதுதான்.

வெளியுலகம் பழையதை நினைக்கப் பலகை வைத்தது. இலண்டனில் 1866லேயே, பிரபலங்கள் வாழ்ந்த வீடுகளில் பெயர்த் தகடு பதிக்கும் திட்டம் தொடங்கிவிட்டது. நியூயோர்க் மாநிலம் 1926ல், அமெரிக்கப் புரட்சியின் 150ஆவது ஆண்டை ஒட்டி, நாட்டுப்புறத் தெருவோரங்களில் நீலமும் மஞ்சளுமாக இரும்புப் பலகைகளை நட ஆரம்பித்தது. காரில் போகிறவர் நின்று வாசிக்க நாலைந்து வரி, அவ்வளவுதான்.

எங்கள் நாட்டிலும் பலகை உண்டு. தொல்பொருள் திணைக்களம் 1890ல் தொடங்கியது. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதியைக் கோடாகக் கிழித்திருக்கிறது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. யாழ்ப்பாண அரசு 1619லேயே போர்த்துக்கேயர் கையில் விழுந்துவிட்டது என்பது வேறு கதை. சட்டம் சொல்லும் அந்த 1815ஆம் ஆண்டுத் திகதிக்கு முந்தியதென்று கருதப்படுவது பழஞ்சின்னம். பிந்திய கட்டடத்துக்குத் தனியே வர்த்தமானி அறிவித்தல் வேண்டும். ஆண்டு பொறிக்காத ஒரு சுமைதாங்கி எந்தப் பக்கம் நிற்கும்? கதியாலுக்குப் பின்னால் பற்றை மூடித்தான் நிற்கும். வீதியை அகலிக்க வரும் இயந்திரத்துக்கு அது வெறும் கல்.

பலகை வைத்துவிட்டால் எல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். மருதனார்மடத்துக்குக் கிட்டத்தான் கந்தரோடை. வரலாற்றாசிரியர் போல் பீரிஸ் நூறாண்டுக்கு முன் அகழ்ந்து எழுதிய இடம். 1970ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தாரும் அகழ்ந்து, கிறிஸ்துவுக்கு முற்பட்ட குடியிருப்பின் தடயங்களைக் கண்டார்கள். ஊரார் கந்தரோடை என்பதை அரச பலகை கதுருகொட விகாரை என்கிறது. அங்குள்ள சிறு தூபிகளைப் பார்க்க வருகிற வெளியூரார் பலகையை வாசித்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பழைய குடியிருப்பு விட்டுச்சென்ற கறுப்பு சிவப்பு மட்பாண்டத்தின் கதையை அவர்களுக்கு யார் சொல்வது? யார் எழுதுகிறார்கள் என்பது பலகை இருக்கிறதா என்பதைவிடப் பெரிய கேள்வி.

நேரமிருந்தால் பருத்தித்துறைக்குப் போய்த் தெருமூடி மடத்தைப் பாருங்கள். தெருவின் இருபுறமும் கல்தூணும் திண்ணையும். கூரை தெருவையே மூடி நிற்க, அதன் கீழே சைக்கிளும் ஓட்டோவும் போய் வருகின்றன. மடமென்றால் என்னவென்று பிள்ளைக்குக் காட்டுவதற்கு அதைவிட நல்ல இடம் குடாநாட்டில் எனக்குத் தெரியாது.

மருதனார்மடச் சந்தியில் ஒரு பலகை வைக்கப் பெரிய செலவில்லை. வலிகாமம் தெற்குப் பிரதேச சபை நினைத்தால் முடியும். எழுதுவதற்குச் செய்திதான் வேண்டும், அது திணைக்களத்தில் கிடைக்காது. உங்கள் வீட்டு றங்குப்பெட்டியில் கிடைக்கலாம். பழைய காணி உறுதிகளை எடுத்து எல்லை சொல்லும் வரிகளை வாசியுங்கள். மடம், கேணி, சுமைதாங்கி என்று எங்காவது வந்தால், யார் கொடுத்த காணி, எந்த ஆண்டு என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரிய ஆச்சி இருந்தால், ஒழுங்கை முகப்பில் நிற்கும் கல் யாருடைய பேரில் வைத்தது என்று கேளுங்கள். பெயர் சொன்னால் அன்றைக்கே எழுதி வையுங்கள்.