ஐரோப்பாவில் சனி, ஞாயிறு
(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசிய பேச்சு)



ஐரோப்பாவில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்தவன் என்பதற்காக, அங்கே பார்த்த வேடிக்கைகளைச் சொல்லும்படி இந்த வாசகசாலைத் தோழர்கள் என்னை அழைத்திருக்கிறார்கள். பனி மலையையும் ஏரியையும் வர்ணித்து உங்கள் நேரத்தை வீணாக்க எனக்கு இஷ்டமில்லை. மலை எந்தத் தேசத்திலும் மலைதான். அதை உண்டாக்கியதில் அந்நாட்டு மனிதனுக்குப் பங்கு ஒன்றுமில்லை. மனிதன் செய்ததையும், செய்துவிட்டுப் பிறகு வெட்கப்பட்டதையும் பற்றிச் சொன்னால் உங்களுக்கு ஏதேனும் பிரயோஜனம் இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

நான் படித்தது சுவிட்சர்லாந்து தேசத்து ஜூரிச் நகரத்தில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வகுப்பு முடிந்தால் திங்கட்கிழமை காலை வரை ஓய்வு. அந்நாட்டில் அரைக்கட்டண அட்டை என்று ஒன்று உண்டு. பணம் கட்டி அதை வாங்கி வைத்துக்கொண்டால் இரயிலிலும் படகிலும் பெரும்பாலும் பாதிக் கட்டணந்தான். ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு, நாங்கள் நாலைந்து தமிழ் மாணவர்கள் சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பிவிடுவோம். இரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் "எந்தத் தேசம்?" என்று கேட்டதுண்டு, அதற்குமேல் கேட்டதில்லை. நிறத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் உண்டு. அதையும் நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால், "எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு? தெருவில் எந்தப் பக்கம்?" என்று விடாமல் கேட்டவர் ஒருவர் இருந்தார். அவர் வெள்ளைக்காரரல்ல, எங்களோடு வந்த நம்மவர்! நான் பதில் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அவர் தமக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தார். அதற்கடுத்த வாரம் முதல் எங்களோடு வருவதையே நிறுத்திக்கொண்டார். கப்பலேறினால் ஜாதி போய்விடும் என்று நம் சாஸ்திரக்காரர்கள் பயமுறுத்தினார்களே, அது எவ்வளவு பெரிய பொய் பாருங்கள்! ஆகாய விமானத்திலேறி ஏழாயிரம் கிலோ மீட்டர் பறந்து போயும் அது போகவில்லையே!

அன்றைக்கு எனக்கொரு கேள்வி உண்டாயிற்று. வெள்ளைக்காரன் பிறவியிலேயே புத்திசாலியாகவும், நாம் பிறவியிலேயே இப்படியாகவும் பிறந்துவிட்டோமா என்பதே அது. இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் பிறகு ஒவ்வொரு ஊராகப் போனேன்.

முதலில் போனது ஜூரிச்சிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் கிளாரஸ் என்ற சின்ன ஊர். அங்கே அன்னா கோல்டி என்ற ஒரு வேலைக்காரப் பெண், வைத்தியரும் நீதிபதியுமாயிருந்த ஒரு பெரிய மனிதர் வீட்டில் வேலை செய்தாள். அந்த வீட்டுக் குழந்தையின் பாலில் ஊசி இருந்ததாம். குழந்தை ஊசி ஊசியாக வாந்தி எடுத்ததாம். இவள் சூனியம் வைத்துவிட்டாளாம். பிடித்துச் சித்திரவதை செய்து ஒப்புக்கொள்ள வைத்து, 1782ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் வாளால் தலையை வெட்டினார்கள். இங்கிலாந்தில் ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரம் ஓட ஆரம்பித்துவிட்ட காலம் அது! தீர்ப்பில் சூனியம் என்று எழுத அவர்களுக்கே வெட்கமாயிருந்ததால் விஷம் வைத்தாள் என்று எழுதிக்கொண்டார்கள். பெரிய மனிதன் வீடு, ஏழைப் பெண், கேட்பாரில்லை. இந்தக் கதையில் பெயர்களை மாற்றிவிட்டால் நம் ஜில்லாவில் நடந்ததாகச் சொல்லலாமா, சொல்லக்கூடாதா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 226 வருஷம் கழித்து, 2008ஆம் வருஷத்தில் அதே கிளாரஸ் மாகாணத்தின் சட்டசபை கூடி, அவள் குற்றமற்றவள், நடந்தது அநீதி என்று தீர்மானித்தது. அவள் நினைவாக நீதிஸ்தலத்துக் கட்டடத்தில் இரண்டு விளக்குகளை வைத்திருக்கிறார்கள். அவை இரவு பகலாக அணையாமல் எரிகின்றன. நம் கோவில்களிலும் தூண்டாமணி விளக்குகள் எரிகின்றன. இது சாமிக்கு எரியும் விளக்கல்ல, ஒரு வேலைக்காரிக்கு எரியும் விளக்கு. அதற்கு நெய் கேட்கவும் தட்சணை கேட்கவும் அங்கே யாரும் நிற்கவில்லை.

பிறகு ஜெனீவாவுக்குப் போனோம். அங்கேதான் கால்வின் என்ற மதச் சீர்திருத்தக்காரர் போப்பின் அதிகாரத்தை எதிர்த்து நின்றவர். ஒரு தோட்டத்துச் சுவரில் அவர்களுக்கு ஐந்து மீட்டர் உயரத்தில் சிலை வைத்திருக்கிறார்கள். சர்வேட்டஸ் என்ற ஸ்பானிய வைத்தியர் அந்தச் சீர்திருத்தக்காரரையே எதிர்த்து, திரித்துவம் பொய், குழந்தைக்கு ஞானஸ்நானம் வேண்டாம் என்று எழுதினார். இதயத்திலிருந்து இரத்தம் நுரையீரல் வழியாகச் சுற்றி வருகிறதென்று எழுதியவரும் இவரே. கால்வினின் குற்றச்சாட்டின் பேரில் 1553இல் இவரை உயிரோடு கொளுத்தினார்கள். ஆகவே தோழர்களே, சீர்திருத்தக்காரன் என்று பெயர் வைத்துக்கொண்டதால் மட்டும் ஒருவன் யோக்கியனாகிவிட மாட்டான். தன்னையும் பிறர் கேள்வி கேட்கலாம் என்று சம்மதிக்காதவன் கையில் அதிகாரம் வந்தால், அவன் பழைய குருக்களுக்குத் தம்பியாகத்தான் இருப்பான். நம் இயக்கத்துக்கும் இது பொருந்தும். அந்த வைத்தியர் எரிந்த பக்கத்திலே, ஆஸ்பத்திரிக்கு அருகில் 1903இல் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். நட்டவர்கள் யார்? கால்வினைப் பின்பற்றுகிறவர்களே! "எங்கள் தலைவர் பெரியவர்தான், ஆனால் இந்தக் காரியம் தப்பு" என்ற கருத்தை அந்தக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள்.

பாரிஸில் எல்லோரும் இரும்புக் கோபுரம் பார்ப்பார்கள், நானும் பார்த்தேன். ஆனால் என் மனதில் நிற்பது மோன்மார்த்ர் குன்றில், பெரிய வெள்ளைக் கோவிலுக்கருகே நிற்கும் ஒரு இருபது வயதுப் பிள்ளையின் சிலைதான். லா பார் என்பது அவன் பெயர். சாமி ஊர்வலம் போகும்போது தலையிலிருந்த தொப்பியைக் கழற்றவில்லை என்பது அவன் மேல் சாட்டிய குற்றங்களில் ஒன்று. 1766இல் தலையை வெட்டி, உடலையும் அதோடு வால்டேர் எழுதிய புத்தகத்தையும் சேர்த்துக் கொளுத்தினார்கள். 1941இல் ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்திருந்த காலத்தில் பழைய சிலையை உருக்கிவிட்டார்கள்; 2001இல் புதுச் சிலை வைத்தார்கள். இன்றைக்கும் தொப்பி தலையிலேயே இருக்கிறது! தொப்பிக்கா தலை போயிற்று என்று சிரிக்காதீர்கள். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டச் சொன்ன தேசம் இது. காலில் செருப்போடு தெருவில் போனவனை அடித்த தேசம் இது. தொப்பியும் துண்டும் செருப்பும் துணியும் தோலுமல்ல, மனிதனின் மானம் என்பது கொளுத்தியவனுக்கும் தெரியும், அடித்தவனுக்கும் தெரியும்.

ரோமாபுரிக்கு ஒரு நீண்ட விடுமுறையில் போனேன். காலையில் காய்கறியும் பூவும் விற்கிற ஒரு சந்தைத் திடலின் நடுவே புருனோவின் சிலை நிற்கிறது. 1600ஆம் வருஷம் பிப்ரவரி 17ஆம் தேதி அதே திடலில் அவரை உயிரோடு எரித்தார்கள். 1889இல், போப்பின் எதிர்ப்பை மீறி, அதே இடத்தில் சிலை எழும்பிற்று. அதற்கு முதல் முயற்சி செய்தவர்கள் மாணவர்கள் என்பதை இங்குள்ள வாலிபர்கள் கவனிக்க வேண்டும்.

இதனால் ஐரோப்பா மோட்சலோகம் என்று எண்ணிவிடாதீர்கள். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தில் ஒரு புனிதரின் உறைந்த இரத்தம் உருகுகிறதா என்று பார்க்க இன்றும் கூட்டம் கூடுகிறது. நான் படித்த சுவிட்சர்லாந்திலே பெண்களுக்குத் தேசத் தேர்தலில் ஓட்டு வந்தது 1971இல்தான். அப்பென்ஸெல் என்ற ஊரில் ஆண்கள் இடுப்பில் வாளோடு திடலில் கூடிக் கைதூக்கி ஓட்டுப் போடுகிறார்கள். அவர்கள் 1990இல்கூடப் பெண்களைச் சேர்க்க மாட்டோம் என்று தீர்மானித்தார்கள். அந்த வருஷமே கோர்ட்டு தலையிட்டுச் சேர்க்க வைத்தது. நம் சென்னை மாகாணத்திலோ, சொத்துக் கணக்குப் பார்த்தே என்றாலும், 1921லேயே ஆண்களுக்குள்ள அதே நிபந்தனைகளோடு பெண்களுக்கும் ஓட்டுரிமை கொடுக்கப்பட்டது. ஆகவே அறிவு தோலின் நிறத்தில் இல்லை. கேள்வி கேட்கிற ஊரில் அறிவு இருக்கிறது. கேட்காத ஊரில் இல்லை.

இதற்கு அடுத்த படிதான் கஷ்டம். வெண்மணியில் 1968 டிசம்பர் 25இல் 44 பேர் குடிசையில் எரிந்தார்களே, அங்கும் நினைவுச் சின்னம் இருக்கிறது. அதை எழுப்பியவர்கள் பறிகொடுத்தவர்கள் பக்கம் நின்ற கட்சிக்காரர்கள். கொளுத்திய பக்கத்தார் வந்து நட்ட கல் எங்கே? செத்தவன் வீட்டார் நடும் கல் துக்கத்தைச் சொல்லும். செய்தவன் வீட்டார் நடும் கல்தான் திருந்தியதைச் சொல்லும்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று நீங்கள் கேட்க வேண்டும். என்னோடு சாப்பிட மறுத்தவரைப் பற்றிச் சொன்னேன்; அது பாதிக் கதைதான். எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் இறவாணத்தில் ஒரு தகரக் குவளை செருகியிருக்கும். எங்கள் வயலில் வேலை செய்யும் பெரியவருக்கு அதில்தான் தண்ணீர். என் தாத்தா வயதுள்ள அவரை, நான் அரை டவுசர் போட்ட காலத்திலேயே பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். எனக்கு மேலேயுள்ளவன் செய்தது அக்கிரமம் என்று ஜூரிச்சில் எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கீழே வைத்திருந்தவரின் குவளை ஜெனீவாவில் அந்தக் கல்லைப் பார்க்கிற வரையில் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

ஊர் வந்த மறுநாள் அந்தக் குவளையை எடுத்து நசுக்கினேன். என் தகப்பனார் கோபித்துக்கொண்டார். பெரியவரை உள்ளே அழைத்து, எங்கள் செம்பில் தண்ணீர் கொடுத்து, "ஐயா, இத்தனை நாள் நாங்கள் செய்தது அக்கிரமம்" என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நசுங்கிய தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தையால் அறுபது வருஷம் தீர்ந்துவிடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த வார்த்தையை என் தகப்பனார் வாயும் சொல்ல வேண்டும், ஊர்க் கூட்டத்திலே சொல்ல வேண்டும் என்று இன்றுவரை வீட்டில் சண்டை நடக்கிறது.

பெரியார் 1931 டிசம்பரில் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டு 1932 நவம்பரில் திரும்பினார். மறுமாதமே ஈரோட்டில் தோழர்களைக் கூட்டி வேலைத் திட்டம் வகுத்தார். பிரயாணம் போனவன் வேலையோடு திரும்ப வேண்டும் என்பது அதற்கு அர்த்தம். ஆதலால் இங்கு வந்திருக்கும் தோழர்களுக்கு ஒரு சின்ன வேலை சொல்லி முடிக்கிறேன். உங்கள் வீட்டுத் தாழ்வாரத்திலும் தெரு டீக்கடையிலும் தனிக்குவளை இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள். இருந்தால் ஒளித்து வைக்காதீர்கள். எடுத்து நாலு பேர் முன்னே நசுக்கி, அதில் குடிக்க வைக்கப்பட்டவரிடம் போய்த் தப்பு என்று சொல்லுங்கள். நான் சொன்னேன் என்பதற்காகச் செய்ய வேண்டாம். உங்கள் புத்தியில் யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டால் செய்யுங்கள்.