ஆயா சம்பளமும் "பார்த்துக் கொடுங்க" என்னும் பேச்சும்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சுருக்கம்)



கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு ஆயாவை அமர்த்தும்போது சம்பளம் பேசுகிறோமே, அந்தப் பேச்சைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்லப் போகிறேன். இது ஒரு பெரிய விஷயமா என்று சிலர் நினைக்கலாம். மேடையில் சமத்துவம் பேசுகிற ஒருவனுடைய யோக்கியதை, அவன் வாசலில் வேலை கேட்டு நிற்கிற ஒரு ஸ்திரீயிடம் கூலி பேசும்போதுதான் வெளியாகிறது என்பது என் அபிப்பிராயம்.

சாதாரணமாக இந்தப் பேச்சு எப்படி நடக்கிறது? "மாசம் எவ்வளவு வேணும்?" என்று கேட்கிறோம். "நீங்களே பார்த்துக் கொடுங்க அம்மா" என்கிறாள் அவள். "அதெல்லாம் பார்த்துச் செய்வோம், நம்ம வீட்டு மனுஷி மாதிரி இருந்துக்கோ" என்கிறோம். அவ்வளவுதான், பேரம் முடிந்தது! எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை, எந்த நாள் லீவு, எந்தத் தேதியில் சம்பளம் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மாடு பிடிக்கப் போனால் பல்லைப் பார்க்கிறோம். நிலம் வாங்கினால் வில்லங்கம் பார்க்கிறோம். பெற்ற பிள்ளையின் உயிரை ஒப்படைக்கிற காரியத்தில் மாத்திரம் கணக்கும் இல்லை, வழக்கும் இல்லை.

அவளை வீட்டு மனுஷி என்கிறீர்களே, வீட்டு மனுஷிக்கு ஏன் தனி டம்ளர்? ஏன் தரையில் உட்காரவேண்டும்? இரவு எட்டு மணி வரை இருக்கச் சொல்லும்போதும், பிள்ளை பார்க்க வந்தவளைப் பாத்திரம் துலக்கச் சொல்லும்போதும் மாத்திரம் அவள் வீட்டு மனுஷியாகிவிடுகிறாள். சம்பளத்தை ஏற்றிக் கேட்டால் உடனே வேலைக்காரியாகி விடுகிறாள். கூலியை அமுக்குவதற்கு அன்பின் பேரால் செய்யப்படும் தந்திரம் என்பதல்லாமல் இதற்கு வேறு என்ன பெயர் சொல்லுவது?

பேச்சை முன்கூட்டித் தீர்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆயா என்ற பெயருக்குரியவர்களின் சரித்திரமே சாட்சி. இது போர்த்துக்கீசியர் வழியாக வந்த சொல். வெள்ளைக்காரத் துரைகள் கப்பலில் சீமைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நம் நாட்டு ஆயாக்களை அழைத்துப் போனார்கள். லண்டன் போய்ச் சேர்ந்ததும், திரும்பிவரக் கப்பல் கூலி கொடுக்காமல் அவர்களில் பலரைக் கைவிட்டார்கள். இப்படி நிர்க்கதியானவர்கள் தங்குவதற்கென்றே லண்டனில் ஆயாக்கள் விடுதி என்று ஒன்று இருந்தது. அது 1900ஆம் வருஷத்தில் ஹாக்னி என்ற பகுதிக்கு மாறியது. அந்தக் கட்டிடத்துக்கு 2022ஆம் வருஷத்தில் ஞாபகப் பலகையும் வைத்திருக்கிறார்கள். பலகை வைத்துத் துக்கப்படுவதைவிடத் திரும்பும் கூலியை முதலிலேயே பேசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் அல்லவா?

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2011ஆம் வருஷத்தில் ஜெனிவாவில் வீட்டு வேலை செய்வோருக்காக 189-வது ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. வேலை, நேரம், கூலி, லீவு ஆகியவற்றை வேலையாளுக்குப் புரியும்படி தெரிவிக்க வேண்டும், வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்பவை அதில் உள்ளவை. இந்தியா அதற்கு ஓட்டுக் கொடுத்தது. இன்னும் கையொப்பமிட்டு ஏற்கவில்லை! நம் தமிழ்நாட்டு சர்க்கார் 2018ஆம் வருஷத்தில் வீட்டு வேலைக்கு மணிக்கு 37 ரூபாய் என்று குறைந்தபட்சக் கூலி விதித்தது. காலை 8 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குப் போகிறவளுக்குப் பத்து மணி. மாதம் 26 நாளைக்கு 260 மணி. அந்த ரேட்டிலேயே 9,620 ரூபாய் ஆகிறது. அது 2018ஆம் வருஷத்துக் கணக்கு. அன்று முதல் அரிசியும் வாடகையும் பஸ் கட்டணமும் எவ்வளவு ஏறியிருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். அன்றியும் குறைந்தபட்சம் என்பது இதற்குக் கீழே போனால் குற்றம் என்பதற்கு வைத்த கோடு; இதுவே நியாயமான கூலி என்று அர்த்தமல்ல.

ஆகவே, ஆளை அமர்த்துகிறவர்கள் செய்யவேண்டியது இவ்வளவுதான். முதலில் மணியைக் கணக்கிடுங்கள். குழந்தை வேலை எது, சமையல் வேலை எது என்று பிரியுங்கள். இரண்டும் வேண்டுமானால் இரண்டுக்கும் கூலி பேசுங்கள். நேரம் தவறி வீட்டுக்கு வந்தால் அந்த மணிக்கும் கொடுங்கள். நீங்கள் பத்து நாள் ஊருக்குப் போனால் அவள் வயிறு பத்து நாள் மூடிக்கொள்ளாது. அந்தச் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். பழைய புடவையும் மிஞ்சிய சோறும் கூலியில் சேராது. வருஷத்துக்கு ஒருமுறை உயர்வு எவ்வளவு என்பதை இன்றே சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டி, அவளிடமும் ஒன்று கொடுங்கள்.

"எங்களுக்குக் கட்டாது" என்று சிலர் சொல்லுவார்கள். கட்டாவிட்டால் நேரத்தைக் குறையுங்கள். அல்லது இரண்டு குடும்பம் சேர்ந்து ஒருத்தியை அமர்த்தி, இரண்டு பிள்ளைக்கும் ஏற்பக் கூட்டிக் கொடுங்கள். மணிக் கூலியில் கை வைக்காதீர்கள். புருஷர்களுக்கு இன்னொரு கேள்வி. "உன் சம்பளமெல்லாம் ஆயாவுக்கே போகிறது, பேசாமல் வேலையை விடு" என்று மனைவியிடம் சொல்லுகிறீர்களே, பிள்ளை அவளுக்கு மாத்திரமா பிறந்தது? ஆயா சம்பளத்தை இருவர் வருமானத்திலும் பாதிப் பாதியாக வைத்துப் பாருங்கள். கணக்கு வேறாகத் தெரியும்.

வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கும் ஒன்று சொல்லுகிறேன். "பார்த்துக் கொடுங்க" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்ன உடனே உங்கள் உழைப்பின் விலையை எதிராளி கையில் கொடுத்துவிடுகிறீர்கள். "இத்தனை மணி, இவ்வளவு ரூபாய்" என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள். ஒரே தெருவில் வேலை செய்கிறவர்கள் கூடி ஒரே ரேட்டுப் பேசுங்கள். ஒருத்தி தனியாகக் கேட்டால் "வேறு ஆள் இருக்கிறது" என்பார்கள், பத்துப் பேர் கேட்டால் அப்படிச் சொல்ல வாய் வராது. 2007ஆம் வருஷத்தில் ஏற்பட்ட வீட்டுப் பணியாளர் நலவாரியத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

தோழர்களே! உங்கள் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் அந்த ஸ்திரீ, தன் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வந்தாள் என்று ஒருநாளாவது கேட்டதுண்டா? பல வீடுகளில் அதைப் பார்த்துக்கொள்வதற்காக மூத்த பெண் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிறாள். நீங்கள் குறைத்துக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் அந்தப் பெண்ணின் படிப்பிலிருந்து பிடிக்கப்படுகிறது. நான் சொன்னதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். இன்று வீட்டுக்குப் போனதும் மணியையும் கூலியையும் நீங்களே பெருக்கிப் பார்த்து, நியாயமென்று பட்டதை வருகிற முதல் தேதியில் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறேன்.