பார்த்து நின்ற அரசு

(வெள்ளவத்தை நினைவுக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



இங்கிருந்து காலி வீதி வழியே வடக்கே சென்றால் காலிமுகத்திடல். 1956 ஜூன் 5ஆம் நாள், தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துத் தந்தை செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் அங்கே சத்தியாக்கிரகம் இருந்தனர். காடையர் தாக்கினர். தொண்டர்கள் கை ஓங்கவில்லை. பொலிஸார் பார்த்து நின்றனர். அமிர்தலிங்கம் கட்டுப் போட்ட தலையோடு நாடாளுமன்றம் புகுந்தார்.

அது திறந்த வெளி. கூட்டத்தை அடக்க இயலவில்லை என்று சாக்குச் சொல்லலாம். வெலிக்கடைச் சிறையில் என்ன சாக்கு? மதிலும் அரசினுடையது, பூட்டும் திறப்பும் அரசினுடையவை. அங்கே 1983 ஜூலை 25இல் 35 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். எஞ்சியோரையேனும் அரசு காத்ததா? இல்லை. 27இல் மேலும் 18 பேர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் மருத்துவர் இராசசுந்தரம். காந்தீயம் இயக்கத்தின் வழியே, மலையகத்திலிருந்து அகதிகளாக வந்த ஏழைகளுக்குக் குடியிருப்பு அமைத்தவர்.

மரண விசாரணை அதனைக் கொலையென்றே கூறிற்று. கொலையாளி ஒருவர் கூடத் தண்டிக்கப்படவில்லை.

தோழர்களே! 1956இல் பார்த்து நின்றவர்களிடம் கணக்கு வாங்கியிருந்தால் 1983 நேர்ந்திருக்குமா? நாம் பழி கேட்கவில்லை. 53 உயிர்களுக்கும் கணக்குக் கேட்கிறோம். கேட்பதை விட்டோமானால், பார்த்து நின்றோர் வரிசையில் நாமும் சேர்ந்தவராவோம்.