கேமரா நிற்கும் இடம்



திரைப்படங்களில் வரும் ஆபாசமும் வன்முறையும் கெட்ட வார்த்தையும் சமூகத்தைக் கெடுக்கின்றனவா என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. கள்ளக்குறிச்சியில் நின்றுகொண்டு இதைப் பேசும்போது கருணாபுரத்தைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. 2024 ஜூன் மாதம் அந்தத் தெருவில் நடந்தேன். அடுத்தடுத்த வீட்டு வாசல்களில் பந்தல். ஒரு வீட்டுக் கொடியில் பள்ளிச் சீருடை காய்ந்து விறைத்துத் தொங்கியது. எடுத்து மடிக்க ஆளில்லை. பாக்கெட் சாராயத்தில் கலந்த மெத்தனால் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிருந்தது.

கொன்றது மெத்தனால். விற்றவர்களையும் கண்டும் காணாமல் இருந்தவர்களையும் விட்டுவிட்டுச் சினிமாவின் மேல் பழி போட நான் வரவில்லை. ஆனால் அந்த வாரம் டீக்கடைகளில் ஒரு பேச்சு என் காதில் விழுந்துகொண்டே இருந்தது: “குடிச்சுட்டுத்தானே செத்தானுங்க.” இந்த ஏளனம் எங்கே பழகியது? நம் படங்களில் குடிகாரர் என்றால் சிரிப்புப் பாத்திரம். வேட்டி நழுவும், வாய் குழறும், சாக்கடையில் விழுவார். திரையின் ஓரத்தில் எச்சரிக்கை வரி நிற்கும், அரங்கம் சிரித்துக்கொண்டிருக்கும். ரத்தமில்லை, ஆபாசமில்லை, ஆகவே குடும்பத்தோடு பார்க்கலாம்.

இனி வேறு மாதிரிப் படம் ஒன்று. 2023இல் வந்த ‘விடுதலை’ முதல் பாகத்தில், காவலர்கள் மலைக்கிராமப் பெண்களைப் பிடித்து அடைத்து மானபங்கப்படுத்தும் காட்சி வருகிறது. பார்ப்பவர் நெஞ்சு நடுங்கும். அதற்கு ‘ஏ’ சான்றிதழ். நம் கல்வராயன் மலைக்கு மேற்கே, சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று இப்படியொரு கொடுமை நிஜமாகவே நடந்தது. பழங்குடிப் பெண்கள் 18 பேர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வனம், காவல், வருவாய்த் துறைகளைச் சேர்ந்த 269 பேர் மீது வழக்கு; 2011இல்தான் தீர்ப்பு. அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தபோது ஆண்டு 2023.

சிரிக்க வைக்கும் அந்தக் குடிகாரர் காட்சி, நடுங்க வைக்கும் இந்தக் காட்சி: இரண்டில் கல்வராயன் மலைப் பிள்ளையை எது கெடுக்கும்? அடி வாங்குகிறவர் பக்கம் கேமரா நின்றால் வன்முறை வலிக்கும். அடிக்கிறவர் தோளில் ஏறி நின்றால் அது கைதட்டலாகிவிடும். வேண்டாம் என்று சொல்லும் பெண்ணைத் தெருத்தெருவாகத் துரத்துவதைக் காதல் என்று காட்டும் பாட்டும் இந்த இரண்டாவது வகைதான். என் கவலையெல்லாம் அதைப் பற்றித்தான். பாலுறவைக் காட்டுவதும் ஆபாசமும் ஒன்றல்ல என்று கே.ஏ. அப்பாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1970லேயே சொல்லிவிட்டது. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் நாம் முத்தத்தை வெட்டுகிறோம், துரத்தலை விட்டுவிடுகிறோம். கெட்ட வார்த்தையிலும் இதே கதைதான். கோபத்தில் வாய் தவறும் வசவுக்கு ‘பீப்’ ஒலி போடுகிறோம். ஒருவரின் நிறத்தையும் உடம்பையும் தொழிலையும் இழிவாகப் பேசும் நகைச்சுவை முழுசாகக் காதில் விழுகிறது.

சான்றிதழ் யார் கையில் எதுவாகிறது என்பதையும் பார்த்தோம். 2023 மார்ச் 30 அன்று சென்னைத் திரையரங்கு ஒன்றில், ‘பத்து தல’ படத்துக்கு டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை முதலில் உள்ளே விடவில்லை. பிறகு சொல்லப்பட்ட காரணம், படம் ‘யு/ஏ’, கூடவே சிறுவர்கள் வந்தார்கள் என்பது. பெற்றோர் துணையோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்பதே அந்தச் சான்றிதழின் பொருள்! இப்போது அதையே ஏழு, பதின்மூன்று, பதினாறு வயது என்று பிரித்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பையன் கைபேசியில் பார்க்கும் முப்பது விநாடிப் படத் துண்டில் எந்தச் சான்றிதழ் எழுத்தும் இருப்பதில்லை.

மலைப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு அப்படியொரு துண்டைச் சேர்ந்து பார்த்தேன். குடித்துவிட்டு வரும் புருஷனை மனைவி துடைப்பத்தால் அடிக்கும் காட்சி. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுபடி போட்டு, “இதில் என்ன விட்டுப்போச்சு?” என்று கேட்டேன். ரொம்ப நேரம் சத்தமில்லை. பின் பெஞ்சிலிருந்த பெண்ணொருத்தி எழுந்து, “அவங்க வீட்டுல புள்ளைங்க எங்க சார் படுத்திருப்பாங்க?” என்றாள்.