கிரிவலம் கற்பிக்கும் நலவாழ்வு



அருள்மிகு அண்ணாமலையாரைத் தொழ வருவோர், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலுடன் வலம் வருகின்றனர். நலவாழ்வுக்குரிய மூன்று நெறிகள் இவ்வழிபாட்டிலேயே அமைந்துள்ளன.

முதலாவது உணவு. 1896 ஆம் ஆண்டு இத்தலத்திற்கு வந்து, 1950 இல் நிறைவெய்தும் வரை இங்கேயே வாழ்ந்தவர் பகவான் ரமண மகரிஷி. நியமங்கள் யாவற்றினும் மிதமான சாத்துவிக உணவே சிறந்தது என்று 'நான் யார்?' நூலில் அவர் உரைக்கின்றார். ஆகவே, வயிறு நிறைய உண்டு வலம் வருதல் வேண்டா. ஆனால், நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் பட்டினியாக நடப்பதும் தீங்கு. அவர்கள் மருத்துவர் சொற்படி நடப்பதே நன்று.

இரண்டாவது மனம். விரைந்து முடிக்கும் எண்ணத்தை விடுத்து, இந்திரலிங்கம் முதல் ஈசானியலிங்கம் வரை எட்டு இலிங்கங்களையும் தொழுது மெல்ல நடப்போம். சினமும் கவலையும் தாமே தணியும்.

மூன்றாவது சுற்றுப்புறம். நாம் எறியும் குவளையில் மழைநீர் தேங்கினால், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு அதில் பெருகும். உணவு ஒட்டிய நெகிழிப் பையைப் பசு விழுங்கித் துன்புறும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றைத் தமிழக அரசு 2019 சனவரி 1 முதல் தடை செய்துள்ளது. நம் நலம் வேண்டி வலம் வந்து, இவ்வூர் மக்களுக்கு நோயை விட்டுச் செல்வது வழிபாடாகுமா?

துணிப்பையும் நீர்க்குடுவையும் கொண்டு வருவோம். குப்பையைத் தொட்டியில் இடுவோம். மலையே சிவமெனில், மலையடிவாரப் பாதையும் திருக்கோயிலே.

அண்ணாமலையார் திருவருளால் அனைவரும் நோயற்ற வாழ்வு பெறுவோமாக!